மேய்ச்சல் நிலமும் மானின் ஊனும்

மானின் ஊனை நான் சுவைத்தவன் அல்லன். இனிச் சுவைக்கப் போகிறவனும் அல்லன். 1972-ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பெற்ற வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மானை வேட்டையாடுவதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தை நான் மனமார மதிக்கிறேன். அப்படியானால், உண்ணாத ஒன்றின் சுவையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அசோகனின் அவையிலும் நான் அமர்ந்ததில்லை; ஆயினும் அவனைப் பற்றி மாணவர்களோடு பலமுறை பேசியிருக்கிறேன். கண்ணால் காணாததைச் சான்றுகளால் காண்பதே வரலாற்றுக் கல்வியின் பயன். நாவால் அறியாததையும் அவ்வாறே அறிய முயலலாம் அன்றோ?

நான் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளிது. மான் எதை மேய்ந்ததோ, அதன் தன்மை மானின் ஊனில் ஏறுமா? அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சேஜ்பிரஷ் என்னும் மணமிக்க புதர் காடுகாடாய் வளர்கிறது. அதைத் தின்ற மானின் இறைச்சியில் அப்புதரின் வாடை வீசும் என்பது வேட்டைக்காரர்களின் பேச்சு. மக்காச்சோள வயல்களில் புகுந்து மேய்ந்த மானின் இறைச்சி மென்மையாகவும் இனிமையாகவும் இருக்கும் என்பதும் அவர்களுடைய பேச்சே. இது சமையலறைக் கேள்வி போலத் தோன்றுகிறது. ஆனால், மானை அந்த நிலத்தில் மேயவிட்டவர் யார், மானுக்காகத் தம் மேய்ச்சலை இழந்தவர் யார் என்று சற்றே தொடர்ந்து கேட்டால், அரசர்களும் குடியானவர்களும், தண்டனைகளும் சாசனங்களும், கடல் கடந்த குடியேற்றங்களும் நம் முன் வந்து நிற்கின்றன. சிறிய வாயில் வழியே பெரிய மாளிகைக்குள் நுழைவது போன்றது இது.

இக்கேள்வியை நம் நாட்டு மருத்துவர்கள் மிகப் பழங்காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். சரகரின் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூலில் உணவுப் பொருள்களைப் பற்றிய நீண்ட பகுதி ஒன்று உண்டு. அங்கே விலங்குகளும் பறவைகளும் எட்டு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. இக்காலத்து விலங்கியலார் போல எலும்பையும் பல்லையும் கொண்டு செய்த பிரிவு அன்று அது. விலங்கு வாழும் இடத்தையும் உண்ணும் முறையையும் கொண்டு செய்த பிரிவு. வறண்ட திறந்த நிலத்தில் திரிவன ஒருவகை. நீர்வளம் மிக்க சதுப்பு நிலத்தில் திரிவன மற்றொரு வகை. பெரும்பாலான மான்கள் வறண்ட நிலத்து விலங்குகளாக எண்ணப்படுகின்றன. ஆனால் மான் இனத்தைச் சேர்ந்த சிலவோ எருமையோடும் பன்றியோடும் சேர்த்துச் சதுப்பு நிலத்து விலங்குகளாக வைக்கப்பட்டுள்ளன. மான் என்ற பெயர் ஒன்றே. நிலம் வேறானதால் வகுப்பும் வேறாயிற்று.

அந்நூல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஊன் எளிதில் செரிக்குமா செரிக்காதா என்று முடிவு செய்யக் கருத வேண்டியவற்றை வரிசைப்படுத்தும்போது, விலங்கு எங்கே திரிகிறது, எதை உண்கிறது என்பதையே முதலில் வைக்கிறது. உடலின் எந்த உறுப்பு, ஆணா பெண்ணா, பெரிதா சிறிதா, எப்படிச் சமைத்தது என்பவையெல்லாம் அதன் பின்னரே வருகின்றன. வறண்ட நிலத்தில் திரிந்து எளிய உணவை உண்ட விலங்கின் ஊன் எளியது. நீர் நிலத்தில் திரிந்து கனத்த உணவை உண்டதன் ஊன் கனத்தது என்பது அதன் முடிவு. சரக நூல் பேசுவது செரிமானத்தைப் பற்றியே; நாவின் சுவையைப் பற்றி அன்று. எனினும் மேய்ச்சல் நிலம் ஊனுக்குள் புகுகிறது என்னும் அடிப்படைக் கருத்து அங்கே தெளிவாக இருக்கிறது.

இன்றைய அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? மான், மாட்டையும் ஆட்டையும் போல அசைபோடும் விலங்கு. அதன் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை ஒரு பெரிய ஊறல் தொட்டி. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மான் விழுங்கிய தழையை முதலில் உண்பவை அந்நுண்ணுயிர்களே. அவை அதைச் சிதைத்து, மாற்றி, புதிய பொருள்களாக்கிய பிறகே மானின் உடலுக்குப் பெரும்பங்கு சேர்கிறது. ஆகையால் தின்ற தழையின் சுவை அப்படியே தசையில் வந்து ஏறிவிடுவதில்லை.

ஒற்றை வயிறு கொண்ட பன்றியோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு நன்கு விளங்கும். ஸ்பெயின் நாட்டில் இலையுதிர் காலத்தில் ஓக் மரங்களின் அடியில் உதிர்ந்த கொட்டைகளை மேயவிட்டுப் பன்றிகளைக் கொழுக்க வைக்கிறார்கள். அக்கொட்டையில் உள்ள ஒலெயிக் அமிலம் பெரும்பாலும் மாறாமலே பன்றியின் கொழுப்பில் சேர்கிறது. அதனால் அக்கொழுப்பு சாதாரண வெப்பத்திலேயே இளகி நிற்கிறது. அதே கொட்டையை மானும் விரும்பித் தின்னும். ஆனால் மானின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் இடையிலே புகுந்து, வந்த பொருளில் பெரும்பகுதியை மாற்றிவிடுகின்றன.

பெரும்பகுதி என்றேன், முழுவதும் என்று சொல்லவில்லை. நுண்ணுயிர்களின் கைக்குத் தப்பிச் செல்லும் சிறு பகுதிதான் சுவையில் வேறுபாட்டை உண்டாக்குகிறது. பசும்புல்லில் லினோலெனிக் அமிலம் மிகுதி. தானியத்தில் லினோலெயிக் அமிலம் மிகுதி. பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் இவை வேறு வேறானவை. இறைச்சி நெருப்பில் வேகும்போது இவை சிதைந்து வெவ்வேறு மணப்பொருள்களைத் தருகின்றன. மேலும், குளோவர் போன்ற புரதம் மிக்க பசுந்தீவனத்தை உண்ணும் விலங்கின் வயிற்றில் ஸ்கேடோல் என்னும் கடுமணப் பொருள் மிகுதியாய் உண்டாகிக் கொழுப்பில் தங்குகிறது. மணச்செடிகளில் உள்ள டெர்பீன் என்னும் பொருள்களும் சிறிதளவு கொழுப்பில் போய்ச் சேர்கின்றன. ஆடு மாடுகள் எந்த நிலத்தில் மேய்ந்தன என்று கண்டறிய ஆய்வாளர்கள் இந்த டெர்பீன்களைத் தடயமாகப் பயன்படுத்துகிறார்கள். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், இயற்கை மேய்ச்சலில் வளர்ந்த பனிமான்களின் இறைச்சியையும், தானியத் தீவனம் ஊட்டப்பட்டவற்றின் இறைச்சியையும் பயிற்சி பெற்ற சுவைஞர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் வேறுபாட்டை உணர்ந்தார்கள். எனவே வேட்டைக்காரர்களின் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

ஏனெனில் மானின் தசையில் கொழுப்பு மிகக் குறைவு. மணம் தங்குவதற்கு இடம் கொழுப்பு. அது குறையும்போது மேய்ச்சலின் தடமும் குறைகிறது. காட்டு ஊனுக்கே உரிய வாடை என்று பலர் சொல்லும் ஒன்று, உண்மையில் வேட்டையின் வாடையாகவே இருப்பதும் உண்டு. துரத்தப்பட்ட மான் தன் தசையிலுள்ள சர்க்கரைச் சேமிப்பை ஓடியே தீர்த்துவிடுகிறது. அது இறந்த பின், தசையில் உண்டாக வேண்டிய புளிப்புத்தன்மை போதிய அளவு உண்டாவதில்லை. அத்தகைய ஊன் கறுத்து இறுகும், விரைவில் கெடும். ஆக, மானின் ஊனில் அது வாழ்ந்த வாழ்க்கையும் எழுதப்படுகிறது. அது இறந்த விதமும் எழுதப்படுகிறது.

இந்த அறிவோடு இங்கிலாந்தின் வரலாற்றுக்குள் செல்வோம். 1066-ஆம் ஆண்டு நார்மானிய மன்னன் வில்லியம் அந்நாட்டை வென்றான். வேட்டை அவனுடைய பெருவிருப்பம். 1079-ஆம் ஆண்டை ஒட்டித் தென் இங்கிலாந்தில் ஒரு பெரும் நிலப்பரப்பைத் தன் வேட்டைக் காடாக ஒதுக்கினான். ‘புதிய காடு’ என்னும் பொருள்படும் நியூ ஃபாரஸ்ட் என்ற பெயரோடு அது இன்றும் இருக்கிறது. பெண்மானையோ ஆண்மானையோ கொன்றவனின் கண்களைப் பிடுங்குமாறு அவன் ஆணையிட்டதாக அக்காலத்து ஆங்கில ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. மான்களுக்கு அவனே தந்தை என்று எண்ணும் அளவுக்கு அவற்றின் மீது அன்பு கொண்டிருந்தானாம். குடிமக்களின் தந்தையாக இருக்க வேண்டிய மன்னன் மான்களின் தந்தையானான்! அவன் மகன் இரண்டாம் வில்லியம், 1100-ஆம் ஆண்டு அதே காட்டில் வேட்டையாடும்போது அம்பு பட்டு இறந்தான்.

அந்தக் காட்டுச் சட்டத்தில் இரண்டு சொற்கள் எப்போதும் இணைந்தே வரும். ஒன்று வெனிசன், மற்றொன்று வெர்ட். வேட்டையாடுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த வெனிசன் என்பது வேட்டை விலங்கையும் அதன் ஊனையும் குறித்தது. இன்று மான் இறைச்சியை மட்டும் குறிக்கிறது. வெர்ட் என்பது பசுமை. மானுக்கு உணவும் மறைவும் தரும் மரம், செடி, புதர், தழை யாவும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். மானைக் கொல்வது எப்படிக் குற்றமோ, அப்படியே மான் தின்னும் தழையை வெட்டுவதும் குற்றம். இந்தப் பசுமையைக் காப்பதற்கென்றே வெர்டரர் என்னும் அலுவலர்கள் இருந்தார்கள். நியூ ஃபாரஸ்டில் அப்பெயருடைய மன்றம் இன்றும் நிலவுகிறது.

மாணவ நண்பர்களே, இந்தச் செய்தியை நீங்கள் சற்றே நின்று நோக்க வேண்டும். மானின் மேய்ச்சலைக் காக்காமல் மானைக் காக்க முடியாது என்பதை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தச் சட்டம் அறிந்திருந்தது. அதன் அறிவு பெரிது. அதன் அறம் சிறிது. ஏனெனில் அந்தப் பசுமைக்கு வேறு உரியவர்களும் இருந்தார்கள். காட்டின் ஓரத்தில் வாழ்ந்த குடியானவனின் மாடும் அதே புல்லை நம்பியிருந்தது. அவன் அடுப்பும் அதே விறகை நம்பியிருந்தது. மான்கள் குட்டி ஈனும் கோடையின் நடுவில் ஒரு மாதம் அவன் மாடுகளைக் காட்டுக்குள் விடக்கூடாது. புல் குறைந்த குளிர்காலத்திலும் விடக்கூடாது. மாடு பசித்து நின்ற அக்குளிர்காலத்தில், காவலர்கள் ஹாலி, ஐவி முதலிய பசுமை மாறாத் தாவரங்களின் கிளைகளை வெட்டி மான்களுக்கு இட்டார்கள். மன்னனின் உணவுக்கலத்தில் இருந்த ஊனின் சுவையில், குடியானவனின் மாடு உண்ணாமல் விட்ட புல்லும் கலந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இக்கொடுமைக்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. 1215-ஆம் ஆண்டின் மாபெரும் சாசனத்தை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். 1217-ஆம் ஆண்டு, சிறுவனாகிய மூன்றாம் ஹென்றியின் பெயரால் காட்டுச் சாசனம் என்னும் மற்றொன்று வெளியாயிற்று. இதிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே முன்னதற்கு ‘மாபெரும்’ என்ற அடைமொழி சேர்ந்தது. மன்னனின் மானுக்காக இனி எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று காட்டுச் சாசனம் விதித்தது. பிடிபட்டவன் தண்டம் செலுத்த வேண்டும். பொருளில்லையேல் ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறையில் இருக்க வேண்டும். தண்டனை முற்றிலும் நீங்கவில்லை; ஆயினும் ஒரு மனிதனின் கண்ணுக்கு மானின் ஊனைவிட மதிப்பு மிகுதி என்பது எழுத்தில் ஏறிற்று.

அக்கால வேட்டையாளர்கள் மேய்ச்சலுக்கும் சுவைக்கும் உள்ள தொடர்பை நன்றாக அறிந்திருந்தார்கள். ஜூன் 24 ஆகிய யோவான் திருநாள் தொடங்கி, செப்டம்பர் 14 ஆகிய திருச்சிலுவைத் திருநாள் வரை உள்ள காலத்தைக் கொழுப்புக் காலம் என்று வழங்கினார்கள். இளவேனிலிலும் கோடையிலும் வளமான புல்லையும் இளந்தழையையும் மேய்ந்து ஆண்மான் கொழுத்திருக்கும் காலம் அது. அதன் பின் இணைசேரும் பருவம் வந்துவிடும். அப்போது ஆண்மான் பல நாள் உணவையே மறந்து, போரிட்டும் கத்தியும் திரிந்து, தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அதன் ஊனும் கடுமணம் ஏறிக் கெடும். ஆகவே ஆண்மானைக் கோடையிலும் பெண்மானைக் குளிர்காலத்திலும் வேட்டையாடுவது மரபாயிற்று. வேதியியல் அறியாத காலத்தில், விலங்கின் உணவு நாட்காட்டியை மனிதன் தன் வேட்டை நாட்காட்டியாக்கிக் கொண்டான்.

காலம் மாறியது. மன்னர்களுக்கு மானைவிடக் கப்பல் கட்டும் மரம் பெரிதாயிற்று. 1851-ஆம் ஆண்டு, நியூ ஃபாரஸ்டிலிருந்து மான்களை அகற்றச் சட்டம் இயற்றப்பட்டது. எந்த மானுக்காக ஒரு காலத்தில் மனிதரின் கண்கள் பறிபோயினவோ, அந்த மானே வேண்டாத விருந்தாளியாயிற்று. வியப்பு என்னவென்றால், அதே 1851-ஆம் ஆண்டில்தான் சிவப்பு மான் ஒன்று இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, உலகின் மறுகோடியில் உள்ள நியூசிலாந்தில் முதன்முதலாக இறங்கியது.

நியூசிலாந்து தனித்துக் கிடந்த தீவு நாடு. மனிதன் வருமுன், வெளவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி வேறு அங்கே இருந்ததில்லை. குளம்புடைய விலங்கின் வாயை அந்நாட்டுத் தாவரங்கள் அறியா. ஆங்கிலேயக் குடியேறிகளோ, தாய்நாட்டில் பிரபுக்களுக்கு மட்டுமே உரியதாய் இருந்த வேட்டை, புது நாட்டில் எல்லோருக்கும் கிட்ட வேண்டும் என்று விரும்பினார்கள். அவ்விருப்பத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1861 முதல் மான்கள் அங்கே நிலைபெற்றன. 1862-ஆம் ஆண்டு, இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்ட்சர் பூங்காவிலிருந்து மான்கள் வட தீவுக்கு வந்து சேர்ந்தன. 1871-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலைகளிலிருந்து வந்தவை தென் தீவில் விடப்பட்டன.

வின்ட்சரின் ஓக் கொட்டைகளை மேய்ந்த இனத்துக்கும், ஸ்காட்லாந்தின் வறண்ட புதர்களைக் கடித்த இனத்துக்கும், இதுவரை எந்த மானும் தொடாத ஒரு பெரும் பந்தி விரிக்கப்பட்டது. அகன்ற இலைச் சிறு மரங்களின் தளிர், மழைக்காட்டின் அடிச்செடிகள், பனிமலைச் சரிவில் கற்றை கற்றையாய் வளரும் புல் என அவை எல்லாவற்றையும் தின்றன, கொழுத்தன, பெருகின. அவற்றைத் தின்னப் புலியோ ஓநாயோ அங்கு இல்லை. சில பத்தாண்டுகளில் காட்டின் அடித்தளம் வெறுமையாயிற்று. முதுமரங்கள் நின்றன, அவற்றின் கீழே இளங்கன்றுகள் இல்லை. முதியோர் மட்டும் வாழும் ஊர் போலக் காடு ஆயிற்று.

1930-ஆம் ஆண்டு மானுக்கு இருந்த பாதுகாப்பு நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல், யெரெக்ஸ் என்னும் அதிகாரியின் தலைமையில், மானைச் சுட்டு ஒழிப்பதற்கென்றே அரசு ஊதியம் கொடுத்து ஆட்களை மலைக்கு அனுப்பியது. அவர்கள் தோலையோ வாலையோ சான்றாகக் கொண்டுவந்தார்கள். இறைச்சி மலையிலேயே கிடந்து அழுகியது. ஒரு நாட்டில் எந்த ஊனுக்காக மனிதன் கண்ணை இழந்தானோ, மற்றொரு நாட்டில் அதே ஊன் எடுப்பாரற்றுக் கிடந்தது. இனமும் ஊனும் ஒன்றே. நிலமும் சட்டமும் மாறியபோது மதிப்பு தலைகீழாயிற்று.

மானின் மேய்ச்சல் பிற உயிர்களை எவ்வாறு தொட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். டாக்காஹே என்பது நியூசிலாந்துக்கே உரிய, பறக்க இயலாத நீலநிறப் பறவை. அது அற்றுப்போயிற்று என்றே அறிஞர்கள் கருதியிருந்தனர். 1948-ஆம் ஆண்டு ஜெஃப்ரி ஆர்பெல் என்னும் மருத்துவர், தென் தீவின் மர்ச்சிசன் மலைகளில் அது உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார். உலகமே வியந்தது. ஆனால் அப்பறவைக்கு உயிர் தரும் உணவு, மலைப்புற்கற்றையின் அடித்தண்டு. அதே புற்கற்றையைத்தான் மானும் தேடித் தின்றது. அதிலும் சத்து மிக்க நல்ல கற்றைகளையே தேர்ந்து தின்றது. மானின் எண்ணிக்கையைக் குறைக்காமல் பறவையைக் காக்க முடியாது என்ற நிலை உண்டாயிற்று. ஒரு விலங்கின் பந்தி மற்றோர் உயிரின் பட்டினியாயிற்று.

1960-களில் மீண்டும் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. ஜெர்மனி நாட்டினர் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மான் இறைச்சியை விரும்பி உண்பவர்கள். அவர்களுக்கு விற்கலாம் என்று கண்ட நியூசிலாந்தினர் ஹெலிகாப்டரில் ஏறி மலைகளில் மான்களைச் சுட்டுக் கொண்டுவந்தார்கள். அரசு ஊதியம் கொடுத்தும் முடியாத வேலையைச் சந்தை முடித்தது. மலைகளில் மான் குறைந்தது. குறைந்ததும் விலை ஏறியது. சுடுவதைவிட உயிரோடு பிடித்து வளர்ப்பதே இலாபம் என்ற எண்ணம் பிறந்தது. 1969-ஆம் ஆண்டு மான் பண்ணைகளுக்குச் சட்டம் இடங்கொடுத்தது. அடுத்த ஆண்டு முதல் உரிமம் வழங்கப்பட்டது. ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி மானைப் பிடிக்கும் வீரச்செயல்கள் பெருகின.

இவ்வாறு சிவப்பு மானின் மூன்றாம் பந்தி விரிந்தது. உயர்ந்த வேலிக்குள் ரைப்புல்லும் வெள்ளைக் குளோவரும் விதைத்த பசும்புல்வெளி. குளிர்காலத்தில் உலர்புல்லும் பதப்புல்லும். காட்டுத் தழைகளின் பல்வகைமை போய், ஒரே சீரான இளம்புல் வந்தது. முதிர்வதற்கு முன்னரே, துரத்தாமலும் ஓட்டாமலும், அமைதியான முறையில் கொல்லும் பழக்கம் ஏற்பட்டது. அந்த ஊன் மென்மையாயிற்று, வாடை குறைந்தது. 1990-களில் அந்நாட்டினர் ‘செர்வீனா’ என்ற வணிகப் பெயர் ஒன்றை உண்டாக்கினார்கள். புல்லில் வளர்ந்த, மூன்று வயதுக்கு மேற்படாத மானின் ஊனே அப்பெயருக்கு உரியது. காட்டு வாடையை விரும்பாத அமெரிக்கர்களையும் அப்பெயர் கவர்ந்தது. அந்த மென்சுவைக்கு மேய்ச்சல் ஒரு காரணம். இளவயது ஒரு காரணம். அச்சமின்றி நேர்ந்த இறப்பு ஒரு காரணம். மூன்றையும் பிரித்து, இதற்கு இவ்வளவு என்று அளந்து சொல்வது எளிதன்று.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். மேய்ச்சலால் ஊனின் சுவை மாறுமா? மாறும், ஓரளவுக்கு மாறும். ஆனால் மேய்ச்சலை மாற்றியது எது? இங்கிலாந்தில் அரசனின் ஆணை. நியூசிலாந்துக் காட்டில் குடியேறியோரின் ஆசை. பண்ணையில் சந்தையின் விலை. மான் தானே தேர்ந்து உண்பதாக நாம் எண்ணுகிறோம். அது எந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்பதைப் பல நூற்றாண்டுகளாக மனிதனே முடிவு செய்து வந்திருக்கிறான். அந்த முடிவின் பயனை உண்டவன் ஒருவன். விலை கொடுத்தவன் வேறொருவன். சில சமயம் குடியானவன் கொடுத்தான்; சில சமயம் ஒரு நீலப்பறவை கொடுத்தது.

நம் நாட்டின் வழி வேறு. அசோகனின் முதற் பாறைக் கல்வெட்டு, அரசனின் மடைப்பள்ளியில் முன்பு எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டதையும், பின்னர் நாளொன்றுக்கு இரண்டு மயிலும் ஒரு மானும் என்று குறைந்ததையும், அந்த மானும் நாள்தோறும் அன்று என்பதையும், வருங்காலத்தில் அவையும் கொல்லப்படமாட்டா என்பதையும் கூறுகிறது. ஒரு பேரரசன் தன் அடுக்களைக் கணக்கைக் கல்லில் வெட்டி நாட்டுக்கு அறிவித்தது வரலாற்றில் அரிய செய்தி. 1972-ஆம் ஆண்டின் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்வெட்டே நினைவுக்கு வருகிறது.

ஆனால் மானைக் கொல்லாமல் விடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் காடுகளில் புள்ளிமான்கள் குரங்குகள் இருக்கும் மரத்தடியைத் தேடி வருகின்றன. மேலே மந்திகள் கடித்து உதிர்க்கும் தழையையும் கனியையும் கீழே நின்று உண்கின்றன. நெல்லிக்கனியை விழுங்கி, பின்னர் அசைபோடும்போது கொட்டையை வேறோரிடத்தில் உமிழ்கின்றன. அங்கே புதிய நெல்லி முளைக்கிறது. மானின் மேய்ச்சல் இங்கே மனிதனின் நாவுக்குச் சுவையாகவில்லை. புலிக்கு உணவாகிறது, காட்டுக்கு விதையாகிறது. அந்த மேய்ச்சலுக்கு இன்று ஓர் இடர் வந்திருக்கிறது. அயல்நாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி, முதுமலை, பந்திப்பூர் முதலிய காடுகளில் புதராய் மண்டிப் புல் முளைக்கும் இடத்தை மூடி வருகிறது. மானுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. மான் உண்ணும் புல்லுக்கு?

வெனிசனையும் வெர்ட்டையும் பிரிக்காமல் காத்த அந்தப் பழைய சட்டத்தின் கொடுமையை நாம் தள்ளுவோம். அதன் அறிவைக் கொள்வோம். பசுமையைக் காப்பவனே மானைக் காப்பவன். அந்தப் பசுமையின் அருகே வாழும் எளிய மக்களின் மாட்டையும் அடுப்பையும் மறவாமல் காப்பவனே அறத்தோடு காப்பவன். நான் சுவைத்தறியாத ஓர் ஊனின் வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.